ஊர்த் தெருவுக்கு வேக வரம்பு விதிப்பது யார்? வாகனங்கள் பெருகிய கிராமங்களும் அதிகாரமற்ற ஊராட்சிகளும்

நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழக்கும் மூவரில் இருவர் ஊரகப் பகுதிகளில் இறக்கின்றனர். மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அந்த ஆண்டில் நேர்ந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இந்த மரணங்களில் 68 சதவீதம் ஊரகப் பகுதிகளிலும் 32 சதவீதம் நகர்ப்புறங்களிலும் நிகழ்ந்தவை. ஆயினும் போக்குவரத்துக் காவலர், சமிக்ஞை விளக்கு, கண்காணிப்புக் கேமரா, கட்டண வாகன நிறுத்துமிடம் ஆகிய அனைத்தும் நகரங்களிலேயே குவிந்துள்ளன. மரணம் ஓரிடத்திலும் ஒழுங்குமுறை வேறோரிடத்திலும் இருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. கிராமத்தின் போக்குவரத்தை யார் ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற கேள்விக்கு நமது சட்ட அமைப்பு இன்றுவரை தெளிவான விடை அளிக்கவில்லை.

ஊரக மரணங்கள் எல்லாம் ஊர்த் தெருவில் நேர்பவை அல்ல. கிராமங்களை ஊடுருவிச் செல்லும் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் நேரும் இறப்புகளும் இந்தக் கணக்கில் அடங்கும். ஆனால் அதே அறிக்கை மற்றொன்றையும் கூறுகிறது. 2022இல் தேசிய நெடுஞ்சாலைகளில் 61,038 பேரும், மாநில நெடுஞ்சாலைகளில் 41,012 பேரும் இறந்தனர். எஞ்சிய 66,441 பேர் இறந்தது ‘பிற சாலைகள்’ என்ற தலைப்பின் கீழ் வரும் மாவட்ட, ஊராட்சி, நகரத் தெருக்களில். மூன்று பிரிவுகளில் இதுவே பெரியது. நெடுஞ்சாலை விபத்துகளைப் பற்றி நாடாளுமன்றம் முதல் நீதிமன்றம் வரை பேசப்படுகிறது. இந்த மூன்றாம் பிரிவோ, தலைப்பிலேயே ‘பிற’ என ஒதுக்கப்பட்டுவிட்டது.

சாலை வந்தது, வாகனமும் வந்தது

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கப்பட்டது. சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலைப் பகுதிகளில் 250 பேருக்கு மேலும் வாழும் குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலை அமைப்பது அதன் நோக்கம். கடந்த கால் நூற்றாண்டில் 7 லட்சம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் இத்திட்டத்தால் உருவாகின. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்தில் 25,000 குடியிருப்புகளை இணைக்க மேலும் 62,500 கிலோமீட்டர் சாலை அமைக்கப்படவுள்ளது. சந்தைக்குச் செல்லும் விளைபொருள், பள்ளிக்குச் செல்லும் மாணவி, மருத்துவமனைக்குச் செல்லும் கர்ப்பிணி என இந்தச் சாலைகளால் பயனடைந்தோரைப் பட்டியலிட்டு முடியாது.

ஆனால் இச்சாலைகள் எந்தப் போக்குவரத்துக்காக வடிவமைக்கப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். இத்திட்டத்தின் வழக்கமான ஓடுதள அகலம் 3.75 மீட்டர். நாளொன்றுக்கு 100 மோட்டார் வாகனங்களுக்குக் குறைவாகச் செல்லும் இடங்களில் 3 மீட்டரே போதும் என நெறிமுறை அனுமதிக்கிறது. இருபுறமும் மண் ஓரம் விடப்படுவதால், எதிரெதிரே வரும் வண்டிகள் அதில் இறங்கி வழிவிட்டுக்கொள்ளலாம். குடியிருப்புப் பகுதிக்குள் இந்த ஓரம் நடைமுறையில் மறைந்துவிடுகிறது. வீட்டுப் படிக்கட்டு, திறந்த வடிகால், விறகுக் குவியல், கட்டிவைத்த மாடு, கடையின் முன்பந்தல் ஆகியவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 3.75 மீட்டர் அகலமுள்ள தெருவில், ஏறக்குறைய 1.7 மீட்டர் அகலமுள்ள ஒரு கார் ஓரமாக நிறுத்தப்பட்டால் எஞ்சுவது இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். பேருந்துக்குச் சட்டம் அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர் வரை. ஆகவே ஒரே ஒரு கார் தவறாக நின்றால் அந்த ஊருக்குப் பேருந்து வராது. தீயணைப்பு வண்டிக்கும் இதே நிலைதான். ஆம்புலன்ஸ் நுழைந்தாலும் கண்ணாடியை மடக்கிக்கொண்டு ஊர்ந்துதான் வர வேண்டும். நகரத்தில் ஒரு கார் தவறாக நின்றால் நெரிசல் ஏற்படும், மாற்றுவழி ஒன்றிருக்கும். ஒரே தெருவைக் கொண்ட சிற்றூரில் ஒரு கார் ஊரையே மூடிவிடும். வாகன நிறுத்தத்தைக் கிராமங்களில் சிறு தொல்லையாக மட்டும் கருதுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

வாகனங்களோ பெருகிக்கொண்டே உள்ளன. 2019-21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்களில் இருசக்கர வாகனம் இருந்தது. அறுவடை இயந்திரம், டிராக்டர், பால் வண்டி, இணையவழி வணிக நிறுவனங்களின் சரக்கு வேன் ஆகியவை பத்தாண்டுகளுக்கு முன் எட்டிப் பார்க்காத சந்துகளுக்குள் இன்று வந்து செல்கின்றன. வீடு கட்டும்போது கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்ற நிபந்தனை நகரங்களின் கட்டட விதிகளில் உண்டு. பெரும்பாலான சிற்றூர்களில் அத்தகைய விதி எழுத்திலும் இல்லை, வழக்கிலும் இல்லை.

கிராமத்தில் சட்டம் செல்லாதா?

உரிமம், தலைக்கவசம், காப்பீடு என்பவை நெடுஞ்சாலைக்கு உரியவை, ஊருக்குள் அவை தேவையில்லை என்பது பரவலான நம்பிக்கை. சட்டம் அவ்வாறு கூறவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பொதுமக்களுக்குச் சென்றுவர உரிமையுள்ள எந்தச் சாலையையும், தெருவையும், வழியையும் ‘பொது இடம்’ என்றே வரையறுக்கிறது. அது பெருவழியா இல்லையா என்பது பொருட்டில்லை. ஆகவே, வயலுக்குச் செல்லும் ஊராட்சிச் சாலையில் உரிமமின்றி வண்டி ஓட்டுவதும், தலைநகரின் முதன்மைச் சாலையில் ஓட்டுவதும் ஒரே குற்றம்தான். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்கான அபராதம் 5,000 ரூபாய். சிறார் வண்டி ஓட்டி இச்சட்டத்தின்கீழ் குற்றம் இழைத்தால், பெற்றோரோ வாகன உரிமையாளரோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் எதிர்கொள்ள நேரிடும். அந்தச் சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பத்தாம் வகுப்பு மாணவன் தந்தையின் மோட்டார் சைக்கிளில் ஆவின் நிலையத்துக்கு ஒப்பான கூட்டுறவுப் பால் மையத்துக்குச் சென்றுவருவது குஜராத்திலும் பிகாரிலும் அன்றாடக் காட்சி. அவனுடைய தந்தைக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

வாகன நிறுத்தத்துக்கும் நாடு முழுமைக்குமான விதி உண்டு. 1989ஆம் ஆண்டு சாலை விதிகளுக்கு மாற்றாக 2017இல் கொண்டுவரப்பட்ட மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், சாலைச் சந்திப்பிலும் வளைவிலும் பாலத்திலும் நடைபாதையிலும் வண்டியை நிறுத்தக் கூடாது என்கின்றன. பேருந்து நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை வாயில்களின் அருகிலும், நின்றுகொண்டிருக்கும் மற்றொரு வாகனத்துக்கு எதிரே வழியை அடைத்தும், பிறர் வீட்டு வாயிலை மறித்தும் நிறுத்துவதும் தவறு. இவற்றுக்கு ‘நிறுத்தாதீர்’ என்ற பலகை தேவையில்லை. பலகை இல்லாத ஊரிலும் இந்த விதி நடப்பில் இருக்கிறது.

ஆனால் இந்த விதியைச் செயல்படுத்தும் வழி நீளமானது. சீருடையில் உள்ள, அப்பகுதி மீது அதிகாரம் கொண்ட காவல் அலுவலரின் உத்தரவு இருந்தால்தான் தடைசெய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல முடியும். பொது இடத்தில் கைவிடப்பட்ட வண்டியென்றால் பத்து மணி நேரம் கடந்திருக்க வேண்டும். பொதுவான விதிமீறலுக்கு முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய் அபராதம். இவற்றை விதிக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கோ, வார்டு உறுப்பினருக்கோ, கிராம சபைக்கோ இல்லை. காவல் நிலையம் பல கிராமங்களுக்கு ஒன்று. அங்குள்ள சில காவலர்கள் திருட்டு, அடிதடி, நிலத்தகராறு, அரசியல் கூட்டப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கிடையே ஒரு தெருமுனையில் நிற்கும் காரைத் தேடி வரப்போவதில்லை. அவர்களைக் குறைகூறுவதிலும் பொருளில்லை.

70 கிலோமீட்டர் என்னும் வியப்பு

வேக வரம்பில் நிலைமை இன்னும் விசித்திரமானது. மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கை விரைவுச்சாலை, நான்குவழிச் சாலை, நகராட்சி எல்லைக்குட்பட்ட சாலை, பிற சாலை என வகைப்படுத்தி உச்ச வேகங்களை நிர்ணயித்தது. ‘பிற சாலை’களில் காருக்கு 70 கிலோமீட்டர், இருசக்கர வாகனத்துக்கு 60 கிலோமீட்டர். மாநில அரசு இதைக் குறைத்து அறிவிக்கலாம். குறைத்து அறிவிக்காத இடத்தில், 3.75 மீட்டர் அகலத் தெருவுக்கும் சட்டப்படியான உச்ச வரம்பு 70 தான். கவனமின்றியும் ஆபத்தாகவும் ஓட்டுவதற்குத் தனிக் குற்றப் பிரிவு உண்டு. ஆனால் அதை விபத்து நேர்ந்த பிறகே காவல்துறை நினைவுகூர்கிறது.

மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 19 மீட்டரைக் கடக்கிறது. 30 கிலோமீட்டர் வேகமெனில் எட்டு மீட்டர். திண்ணையிலிருந்து இறங்கும் முதியவரையோ பந்தைத் துரத்தி ஓடிவரும் குழந்தையையோ கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் ஏறக்குறைய ஒரு நொடி கடந்துவிடும். பாதசாரிகளும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் வலியுறுத்தியது. நடைபாதை என்பதே இல்லாத இந்தியக் கிராமத் தெருவுக்கு அதைவிடப் பொருத்தமான விவரிப்பு இருக்க முடியாது.

தன் தெருவில் வேகத்தைக் குறைக்க ஊராட்சி விரும்பினால் என்ன செய்யலாம்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்கீழ் வேகத்தைக் குறைக்கவும், 115ஆம் பிரிவின்கீழ் குறிப்பிட்ட வாகனங்களைத் தடுக்கவும், 116ஆம் பிரிவின்கீழ் போக்குவரத்துக் குறியீடுகளை நிறுவவும், 117ஆம் பிரிவின்கீழ் நிறுத்துமிடங்களை நிர்ணயிக்கவும் அதிகாரம் பெற்றிருப்பது மாநில அரசு, அல்லது அது அதிகாரமளித்த அமைப்பு. 117ஆம் பிரிவில் மட்டும் ‘உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசித்து’ என்ற சொற்கள் உள்ளன. கலந்தாலோசிக்கப்படுவது ஒன்று, தீர்மானிப்பது மற்றொன்று. ஊராட்சி தானே வண்ணம் தீட்டி வைத்த ‘20 கி.மீ.’ பலகைக்குச் சட்ட வலு இல்லை. அதை மீறியவரை எவரும் தண்டிக்க முடியாது.

எனவே கிராமங்கள் தமக்குத் தெரிந்த ஒரே கருவியைக் கையில் எடுக்கின்றன. ஒரு குழந்தை அடிபட்ட மறுநாள் தெருவின் குறுக்கே வேகத்தடை முளைக்கிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் வரையறைப்படி 25 கிலோமீட்டர் வேகத்துக்கான வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு மெல்ல ஏறி இறங்க வேண்டும். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும். ஊரார் ஒரே இரவில் கொட்டும் சிமென்ட் மேடு இவற்றில் எதையும் அறியாது. வண்ணமும் விளக்கும் இல்லாத அந்த மேட்டில் இரவில் மோதி விழுபவர் பெரும்பாலும் இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் குறுக்கே அமர்ந்து வரும் பெண். வேகத்தடை, பள்ளம், பழுதுபார்ப்பில் உள்ள சாலை ஆகிய மூன்றாலும் 2015ஆம் ஆண்டில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக மத்திய அரசின் தரவே தெரிவித்தது. ஊரார் செய்தது தவறுதான். ஆனால் முறைப்படி மனு கொடுத்திருந்தால் எப்போது வேகத்தடை வந்திருக்கும் என்ற கேள்விக்கும் அலுவலகங்கள் பதில் சொல்ல வேண்டும்.

டிராக்டரும் கரும்பும்

கிராமப் போக்குவரத்தைக் கார், மோட்டார் சைக்கிள் கண்ணோட்டத்தில் மட்டும் பார்த்தால் அதன் பெரும்பகுதி விடுபட்டுவிடும். உத்தரப் பிரதேசத்தில் 2022 அக்டோபர் 1 அன்று, கோயிலுக்குச் சென்று திரும்பிய பக்தர்களுடன் ஒரு டிராக்டரின் டிரெய்லர் கான்பூர் மாவட்டம் காட்டம்பூர் பகுதியில் குளத்தில் கவிழ்ந்ததில் 26 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். டிராக்டரில் ஆட்களை ஏற்ற வேண்டாம் என மாநில அரசு அப்போது வேண்டுகோள் விடுத்தது. 2024 பிப்ரவரி 24 அன்று அதே மாநிலத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில், கங்கையில் நீராடச் சென்றவர்களின் டிராக்டர் டிரெய்லர் மீண்டும் ஒரு குளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

டிரெய்லர் ஆள் ஏற்றும் வண்டி அல்ல என்பது அதில் ஏறும் பலருக்கும் தெரியும். குடும்பத்துடன் முப்பது பேர் திருவிழாவுக்குச் செல்ல வேறு வண்டி கிடைக்காததால்தான் ஏறுகின்றனர். பேருந்து வசதியில்லாத ஊரில் டிரெய்லர் பயணத்துக்குத் தடை என்பது பயணத்துக்கே தடையாகிவிடும். விதி எழுதுவோர் இதைக் கணக்கில் கொள்ளாதவரை வேண்டுகோள்கள் வேண்டுகோள்களாகவே இருக்கும்.

மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்தின் கரும்பு மாவட்டங்களிலும் இதே டிராக்டர் வாகன நிறுத்தப் பிரச்சினையாகவும் உருவெடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆலைகள் அரவையைத் தொடங்கியது முதல் பங்குனி வரை, கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் ஆலை வாயிலை நோக்கிச் சாலையோரம் அணிவகுத்து நிற்கின்றன. பின்புறம் பிரதிபலிப்பான் இல்லை, விளக்கு இல்லை, கரும்பு இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும். பனிமூட்டத்தில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்கு அது கண்ணுக்குத் தெரியாத சுவர். ஆலை வளாகத்துக்குள் வண்டிகளுக்குப் போதிய இடம் ஒதுக்குவது ஆலையின் பொறுப்பாக இருந்தால் இந்த வரிசை சாலைக்கு வராது. இப்போது அந்தச் செலவை ஊர்ச் சாலையும், சில குடும்பங்களும் ஏற்கின்றன.

ஊருக்கு வெளியே நிறுத்திய ஊர்கள்

வாகனத்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்ட இடங்களும் நாட்டில் உண்டு. மகாராஷ்டிரத்தின் மாதேரான் அவற்றில் பெயர்பெற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 4,400 பேருக்கும் குறைவானோர் வாழும் இந்த மலையூரில் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. 2003 பிப்ரவரியில் சூழலியல் கூர்உணர்வு மண்டலமாக அறிவிக்கப்பட்டது அந்தத் தடைக்கு வலுச் சேர்த்தது. வருவோர் தஸ்தூரி என்ற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்தோ, குதிரையிலோ, மலை ரயிலிலோ செல்ல வேண்டும். புகையும் ஒலிப்பானும் இல்லாத ஊர் எனப் பயணிகள் புகழ்கின்றனர்.

அதே தடையின் மறுபக்கத்தை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. காருக்கு இடமில்லாத ஊரில் நடக்க இயலாதவரையும் மூட்டை முடிச்சுகளையும் மனிதனே இழுத்துச் சென்றான். மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷா மனித மாண்புக்கு எதிரானது என 2025 ஆகஸ்டில் தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு கூறி, ஆறு மாதங்களுக்குள் அதைக் கைவிட்டு, இழுப்போருக்கு மின் ரிக்‌ஷா வழங்க உத்தரவிட்டது. வாகனத்தை விலக்குவது ஒரு முடிவு. விலக்கிய பின் நோயாளியையும் முதியவரையும் சரக்கையும் எது சுமக்கும் என்பதை முடிவுசெய்ய இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

மேகாலயத்தின் மௌலின்னோங் வேறு வகை. தூய்மைக்குப் பெயர்போன இந்தக் காசி இனக் கிராமத்தில் வருவோர் வாகனத்தை ஊர் முகப்பில் உள்ள நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்தே சுற்றுகின்றனர். அங்கு ஊரை நிர்வகிப்பது ‘தோர்பார் ஷ்னோங்’ என்னும் மரபுவழி ஊர் அவை. இந்திய அரசமைப்பின் ஊராட்சிகள் குறித்த பகுதி மேகாலயத்துக்குப் பொருந்தாது என்பதால், பிற மாநிலக் கிராமங்கள் அதை அப்படியே பின்பற்ற முடியாது. ஊர் அவையின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருக்கும்போது வாகன நிறுத்தம் பெரிய சிக்கலாக இருப்பதில்லை என்பதை மட்டும் அங்கே காணலாம்.

உத்தராகண்டின் கைஞ்சி தாம் எதிர்த் திசையில் உள்ள எடுத்துக்காட்டு. பவாலியிலிருந்து அல்மோரா செல்லும் நெடுஞ்சாலையோரத்தில் குறுகிய பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர் அது. நீம் கரோலி பாபா ஆசிரமத்தைக் காண வருவோரின் கார்கள் அந்த ஒற்றைச் சாலையை விடுமுறை நாள்களில் நிரப்பிவிடுகின்றன. ஆண்டுதோறும் ஜூன் 15 அன்று நடைபெறும் நிறுவன நாள் விழாவின்போது தனியார் வாகனங்களை பவாலி, பீம்தால் பகுதிகளிலேயே நிறுத்தி, அங்கிருந்து சிற்றுந்துகளில் பக்தர்களை அழைத்துச்செல்லும் ஏற்பாட்டை நிர்வாகம் செய்கிறது. அந்த ஒரு நாள் ஏற்பாடு பயனளிக்கிறது. ஆனால் குமாவுன் மலையூர்களிலிருந்து ஹல்த்வானி மருத்துவமனைகளுக்கு வருவோருக்கும் இதுவே வழி. அவர்களுக்கு நோய் ஜூன் 15 அன்று மட்டும் வருவதில்லை.

கோவாவின் கலங்குட் ஊராட்சி, தங்குமிட முன்பதிவின்றி ஊருக்குள் வரும் சுற்றுலாப் பயணிகளிடம் நுழைவு வரி வசூலிக்க 2024 ஜூன் மாதம் தீர்மானம் நிறைவேற்றியது. ஊருக்குள் குவியும் வாகனங்களும் குப்பையும் தாங்க முடியாத நிலையை எட்டியதே காரணமாகக் கூறப்பட்டது. தீர்மானத்தை ஊராட்சி நிறைவேற்றினாலும் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலை நாட வேண்டியிருந்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் வசூலிக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 265ஆவது பிரிவு. சுற்றுலாத் தலக் கிராமங்கள் பலவற்றில் கயிறு கட்டி ‘பார்க்கிங்’ கட்டணம் வசூலிப்போர், அந்தத் தொகைக்கு ஊராட்சி ரசீது கொடுக்கிறார்களா, எந்தச் சட்டத்தின்கீழ் வசூலிக்கிறார்கள் என்பதைப் பயணிகள் கேட்கத் தொடங்கினால் பல கயிறுகள் அவிழும்.

கையில் இருப்பவை

அரசமைப்பின் பதினொன்றாம் அட்டவணை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. 13ஆவது இனத்தில் சாலை, சிறுபாலம், பாலம், படகுத்துறை, நீர்வழி ஆகியவை உள்ளன. சாலை இருக்கிறது, சாலையில் ஓடும் வண்டி இல்லை. தார் போடும் பொறுப்பு ஊராட்சிக்கு, அதன்மேல் ஓடுவதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத் தலைநகருக்கு என்ற பிரிவினை 1993ஆம் ஆண்டிலிருந்து தொடர்கிறது.

பழைய சட்டங்கள் இதைவிடத் தாராளமாக இருந்தன என்பது சுவையான செய்தி. சென்னை மாகாணக் காலத்து உள்ளாட்சிச் சட்டங்களில் வண்டிப்பேட்டை அமைத்துக் கட்டணம் வசூலிக்கும் உரிமை உள்ளூர் அமைப்புகளுக்கு இருந்தது. அந்த மரபு கேரளத்திலும் தமிழகத்திலும் இன்றைய ஊராட்சிச் சட்டங்கள் வரை வந்துள்ளது. மாட்டுவண்டிக்காக எழுதப்பட்ட அந்தப் பிரிவைக் கொண்டு, சந்தைத் திடலுக்கு அருகே வேன்களுக்கும் கார்களுக்கும் முறையான நிறுத்துமிடம் அமைக்க இயலும். புதிய சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கேரளத்தில் ஊராட்சித் தலைவரின் தலைமையில் காவல்துறை, மோட்டார் வாகனத் துறை, பொதுப்பணித் துறை அலுவலர்களைக் கொண்ட போக்குவரத்து ஒழுங்குமுறைக் குழுக்கள் இயங்குகின்றன. ஆட்டோ நிறுத்தம், ஒருவழிப் பாதை, பேருந்து நிற்குமிடம் ஆகியவை அங்கு ஊர் மட்டத்திலேயே விவாதிக்கப்படுகின்றன. அந்தக் குழுவின் முடிவுகள் எல்லாம் நிறைவேறுவதாகக் கூற முடியாது. ஆனால் நான்கு துறைகளின் அலுவலர்களும் ஒரே மேசையில் அமர்வதே பிற மாநிலங்களில் அரிது.

நிதி ஒரு தடை என்பது பாதி உண்மை. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. இதில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவுக்கென ஒதுக்கப்பட்டது, எஞ்சியது ஊராட்சியின் தேவைக்கேற்பச் செலவிடக்கூடியது. ஒரு வளைவில் குவியாடி வைப்பதற்கும், பள்ளி முன் தரமான வேகத்தடை அமைத்து வண்ணம் தீட்டுவதற்கும் கோடிகள் தேவையில்லை. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அவை இடம்பெற வேண்டுமானால் கிராம சபையில் எவரேனும் எழுந்து கேட்க வேண்டும். கேட்பவர் பெரும்பாலும் கார் வைத்திருப்பவராக இருக்க மாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தெருவில் காரை நிறுத்துபவர்தான் பல ஊர்களில் செல்வாக்குள்ளவர். அவரிடம் ‘வண்டியை நகர்த்துங்கள்’ எனச் சொல்லும் துணிவு எதிர்வீட்டுக் கூலித் தொழிலாளிக்கு எளிதில் வாய்ப்பதில்லை. எழுதப்பட்ட விதியும், அதைச் செயல்படுத்த வெளியிலிருந்து ஓர் அலுவலரும் தேவைப்படுவது அந்தத் தொழிலாளிக்காகவே.

கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவைசிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 30 அன்று பிறப்பித்த உத்தரவின் பயனாக, மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்கள் அமைந்தன. ஊராட்சியின் குரல் சென்றடைய வேண்டிய இடம் இதுதான். நடைமுறையில் இக்குழுக்களின் நேரத்தை நெடுஞ்சாலைகளின் விபத்துப் பகுதிகளே எடுத்துக்கொள்கின்றன. நூற்றுக்கணக்கான ஊராட்சிகளைக் கொண்ட ஒரு மாவட்டத்தில், ஒரு சிற்றூரின் பள்ளி வளைவு பட்டியலில் ஏறுவதற்கு அங்கு சிலர் இறந்திருக்க வேண்டும் என்பதே இன்றைய அளவுகோல். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு வட்டாரத்தின் ஊராட்சித் தீர்மானங்களையும் எடுத்து, 112, 115, 117ஆம் பிரிவுகளின்கீழ் உத்தரவு தேவைப்படுபவற்றை ஆட்சியர் மொத்தமாக அறிவிக்கலாம். மாநில அரசுகள் அதற்கான அதிகாரத்தை ஆட்சியருக்கு வழங்கினால் கோப்பு தலைநகரம் வரை சென்றுவர வேண்டியதில்லை. குடியிருப்புப் பகுதிகள் அனைத்துக்கும் 30 கிலோமீட்டர் என ஒரே அறிவிக்கையில் ஒரு மாநில அரசு வரம்பு விதிக்கவும் இன்றைய சட்டத்திலேயே இடமுண்டு.

அதுவரை, சட்டத்தில் உள்ள ஒரு சிறு வாசலை ஊராட்சிகள் பயன்படுத்திக்கொள்ளலாம். 115ஆம் பிரிவின்கீழான வாகனத் தடையோ, 112ஆம் பிரிவின்கீழான வேகக் குறைப்போ ஒரு மாதத்துக்கு மேற்படாதது எனில் அரசிதழ் அறிவிக்கை கட்டாயமில்லை. தடையைப் பொறுத்தவரை, சூழ்நிலைக்கேற்ப உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். தேர்த் திருவிழா, வாரச் சந்தை பெரிதாகும் பண்டிகைக் காலம், அறுவடை உச்சத்தில் இருக்கும் சில வாரங்கள் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே கிராம சபைத் தீர்மானத்துடன் அதிகாரம் பெற்ற அலுவலரை அணுகினால், கனரக வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தும் உத்தரவைப் பெற இயலும். கரும்பு அரவை மட்டும் ஐந்து மாதங்கள் நீடிப்பதால் அதற்கு இந்த வழி உதவாது, முழுமையான அறிவிக்கையே வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை அரவை தொடங்குவதற்கு முன்பே ஊராட்சிகள் அனுப்ப வேண்டும்.